துணியியல் படித்த மகளும் சுங்க வகைப்பாட்டு வேலையும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. துணியியல் படித்த மகள், ஆடை இறக்குமதி நிறுவனத்தின் சுங்கப் பிரிவில் சேரப்போகிறேன் என்கிறாள். நாலு வருடம் படித்த படிப்பு வீணாகி, உட்கார்ந்து எண் எழுதும் குமாஸ்தா வேலையாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அந்த எண்ணையும் நாளைக்குக் கம்ப்யூட்டரே போட்டுவிடுமே என்றும் கேட்கிறீர்கள். முதல் பயம் வேண்டாம். இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லை தாண்டும் எந்தச் சரக்குக்கும் ஓர் எண் வேண்டும். எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) கோடு என்பார்கள். உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்த முறை 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கம் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் அந்தந்த நாடு தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளும். வரி எவ்வளவு, கட்டுப்பாடு உண்டா, வணிக ஒப்பந்தச் சலுகை கிடைக்குமா என்பதெல்லாம் இந்த எண்ணில்தான் தொங்குகிறது.

பருத்தி ஆடைக்கு இந்த எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் மகளின் படிப்பு வேலை செய்கிறது. துணியைப் பின்னியிருக்கிறார்களா, நெய்திருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பின்னலாடை என்றால் அந்த எண் பட்டியலின் 61-ஆம் அத்தியாயம், நெய்த துணி என்றால் 62. ஆண்கள் பருத்திச் சட்டை இரண்டை அருகருகே வைத்தால் கடைக்காரருக்கு ஒன்றாகத் தெரியலாம். சுங்கத்துக்குப் பின்னியது 6105.10, நெய்தது 6205.20. காலரும் பட்டனும் இல்லாத சாதாரண பருத்தி டி-ஷர்ட் 6109.10. அதற்கே காலரும் பட்டன் பட்டியும் வைத்து ஆண்களுக்கான போலோ சட்டையாக்கினால் 6105-க்குப் போய்விடும்.

அதோடும் முடியாது. பின்னல் சட்டையில் இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தாலும், கீழ் ஓரத்தில் இறுக்கும் ரிப் (வரிவரியான பின்னல் பட்டி) இருந்தாலும், அது 6105-இல் நிற்காது. பின்னல் தளர்வாக இருந்து, ஒரு சென்டிமீட்டருக்கு இரு திசையிலும் சராசரி 10 பின்னல் கண்ணிக்குக் குறைந்தாலும் அப்படித்தான். அதுவும் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பிலாவது எண்ண வேண்டும் என்கிறது விதி. கல்லூரி லேபில் கவுன்டிங் கிளாஸை (துணியின் இழைகளை எண்ணும் பூதக்கண்ணாடியை) வைத்துக்கொண்டு உங்கள் மகள் செய்தது இதே வேலைதான். வணிகவியல் படித்து வருபவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

கலப்புத் துணியில் எது எடையில் அதிகமோ அதன் கணக்கில் போகும். பருத்தி 60, பாலியெஸ்டர் 40 என்றால் பருத்தி. சரி, 50-50 என்றால்? எண் வரிசையில் கடைசியாக வருவது ஜெயிக்கும். பருத்தி 52-ஆம் அத்தியாயம், பாலியெஸ்டர் போன்ற செயற்கைக் குறுநார் 55. ஆக, அப்படிப்பட்ட பாதிப் பருத்தி பருத்தியாகாது. கைக்குழந்தை உடைக்கு லேபிளில் மாதக் கணக்கு இருக்கும். விதி பார்ப்பது குழந்தையின் உயரத்தை, 86 செ.மீ.க்குள். நெய்த துணியில் சதுரமான ஸ்கார்ஃப் எந்தப் பக்கமும் 60 செ.மீ. தாண்டாவிட்டால் சுங்கத்துக்கு அது கைக்குட்டை. 'அக்சஸரி' என்று கடையில் ஒரே அலமாரியில் இருப்பவை இங்கே சிதறிவிடும். பின்னல் காலுறை 6115, பின்னல் கையுறை 6116, நெய்த துணி பெல்ட் 6217, தொப்பி 65-ஆம் அத்தியாயம், துணிக் கைப்பை 42.

ஆலோசனைப் பணிக்கு வருமுன் நானும் சில வருடம் இதைச் செய்தேன். ஒருமுறை சாம்பிளைப் பார்க்காமல், இன்வாய்ஸில் 'ஆண்கள் சட்டை, பருத்தி' என்றிருந்ததை நம்பி எண் போட்டேன். கீழ் ஓரத்தில் ரிப் இருந்தது. சரக்கு நின்றது, வித்தியாச வரியோடு தாமதக் கட்டணமும் சேர்ந்தது. அதற்குப் பிறகு துணியைக் கையில் வாங்காமல் நான் எதற்கும் எண் எழுதியதில்லை.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். விவரத்தைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் மென்பொருள்கள் வந்துவிட்டன, வெறுமனே எண் தட்டும் வேலை குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் எனக்குக் கிடைத்த அந்த இன்வாய்ஸ் போல விவரமே தப்பாக இருந்தால் விடையும் தப்பாகத்தான் வரும். பொறுப்போ இறக்குமதியாளர் தலையில். அதனால் எந்த மேசையில் உட்காரப்போகிறாள் என்பதுதான் முக்கியம். நேர்காணலில் அவளையே கேட்கச் சொல்லுங்கள்: சாம்பிள் என் கைக்கு வருமா? சந்தேகம் வந்தால் எந்த எண் என்று சுங்கத்திடம் முன்கூட்டியே முடிவு கேட்டு எழுதும் பழக்கம் உண்டா? உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. இப்படி முன்முடிவு தரும் ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'வரி குறைவான எண்ணைப் போடு' என்ற அழுத்தம் இந்த வேலையில் வரும், பெரும்பாலும் சரக்கு துறைமுகத்தில் நிற்கிற அவசரத்தில் வரும். ஏன் இந்த எண் என்பதை விதியைக் காட்டி எழுதி, கோப்பில் வைத்துவிட்டுப் பேசும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். எதிர்த்துப் பேச அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். எழுதி வைத்த பக்கம் அவளுக்காகப் பேசும்.

படிக்க வேண்டியது மலையளவு இல்லை. எச்.எஸ். முறையின் பொது விளக்க விதிகள் ஆறு, துணிகளுக்கான 11-ஆம் பிரிவின் குறிப்புகள், 61, 62-ஆம் அத்தியாயக் குறிப்புகள். இவற்றை மனப்பாடம் செய்யாமல், ஒரு துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தங்கள் வகைப்பாட்டு முடிவுகளை இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கின்றன; தினம் இரண்டு படித்தால் போதும். எச்.எஸ். முறையில் இப்போது நடப்பில் இருப்பது 2022 பதிப்பு, அடுத்தது 2028 ஜனவரி 1 முதல். பதிப்பு மாறும் சமயத்தில் பழைய எண்களைப் புதியவற்றோடு ஒப்பிடத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடும். அப்புறம், அனுபவம் வந்தபின், மற்றவர்களின் சரக்குக்குச் சுங்க வேலை செய்துகொடுக்கும் சுங்க முகவர் உரிமம் பற்றி யோசிக்கலாம். அதற்குப் பல நாடுகளில் தேர்வு உண்டு.

முடிவெடுக்குமுன் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டு அலமாரியிலிருந்து பத்து உருப்படிகளை எடுத்து மேசையில் போடுங்கள். ஒரு அடி ஸ்கேலும் அவளுடைய கவுன்டிங் கிளாஸும் போதும். ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க எண்ணும், அதற்கான காரணம் இரண்டு வரியும் எழுதட்டும். நாலாவது துணியிலேயே சலித்துக்கொண்டால், ஆடைத் தரப்பரிசோதனையோ மெர்ச்சண்டைசிங்கோ (ஆடை ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையோ) அவளுக்குப் பொருந்தும், அதைப் பற்றிப் பேசலாம். எழுந்து போய்ப் பதினொன்றாவது துணியைத் தானே எடுத்து வந்தால், அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு முன் அவளோடு உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.