கீமோவும் குளிர்த்தொப்பியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பெங்களூரில் கீமோ தொடங்கப் போகிறார்கள். முதலில் ஏசி (AC) எனும் இரு மருந்துக் கீமோ 4 முறை, பிறகு வாராவாரம் பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து 12 முறை. கீமோ ஏறும்போது இயந்திரத்தால் தலையைக் குளிர்விக்கும் குளிர்த்தொப்பி போட்டால் முடி கொட்டாது என்கிறார்களே, உண்மையா? அக்காவுக்கு இடுப்பு வரை முடி. (வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: கொட்டவே கொட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொப்பி போட்ட 95 பேரில் 48 பேருக்குப் பாதிக்கு மேல் முடி தங்கியது; போடாத 47 பேரில் ஒருவருக்குக்கூடத் தங்கவில்லை. பேக்லிடாக்சல் வகை மருந்துகளில் பலன் நன்றாக இருக்கிறது, ஏசியில் குறைவு. உங்கள் அக்காவுக்கு ஏசிதான் முதலில் என்பதால் அதிகம் எதிர்பார்க்காமல் போடுவதே சரி. ஆனால் போடுவதென்றால் முதல் ஊசியிலிருந்தே போட வேண்டும். முடி விழுந்தபின் போட்டுப் பயனில்லை.

தலைத்தோல் குளிர்ந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறையும். அதற்குத் தொப்பி தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். உச்சியில் விரலளவு இடைவெளி விட்டால் அந்த இடம் மட்டும் வட்டமாக வழுக்கை விழும். நீள முடியில் சிக்கலே இதுதான்: கொண்டையோ பின்னலோ உள்ளே இருந்தால் குளிர் தோலுக்குப் போகாது. முந்தின நாளே ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். அங்கே போனதும் முடியைத் தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவி, பின்னோக்கித் தட்டையாக வாரி, மீதி நீளத்தைத் தொப்பிக்கு வெளியே தொங்கவிட வேண்டும். நெற்றியிலும் காதோரமும் துணிப்பட்டை வையுங்கள்.

மருந்து ஏறும் முன் அரை மணி நேரம், ஏறும்போது முழுக்க, முடிந்தபின் ஏசி என்றால் ஒன்றரை மணி நேரம் வரை தொப்பி தலையில் இருக்கும். கிருஷ்ணகிரி பஸ்ஸை நம்பி அவசரப்பட்டுக் கழற்றினால் உழைப்பெல்லாம் வீண். முதல் 15 நிமிடம் தலை விண்ணென்று வலிக்கும், பிறகு மரத்துவிடும். டாக்டர் சம்மதித்தால் அரை மணி முன்பே பாராசிட்டமால் போடலாம். போர்வை கட்டாயம். இயந்திரத்தை நிறுத்தியதும் தொப்பியைப் பிய்த்து இழுக்காமல் சில நிமிடம் இளகவிடுங்கள். இல்லாவிட்டால் முடியும் கூடவே வரும்.

மூன்றாவது வாரம் சீப்பில் கத்தையாக முடி வரும். இங்கேதான் பலர் பயந்து நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தலைக்குக் குளிக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வாரவும். சாயம், ஹேர் டிரையர், இறுக்கமான கொண்டை எல்லாம் வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்கு லிம்போமா (ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை). அவருக்கும் போடலாமா? (வாசகி, அரூர்)

பதில்: கூடாது. ரத்தப் புற்றுநோய்களில் நோய்ச் செல்கள் தலைத்தோலிலும் இருக்கலாம். மருந்து அங்கும் போயாக வேண்டும். குளிர் பட்டால் தோல் தடிக்கும் அலர்ஜி உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

கேள்வி: ஃபிரிட்ஜ் ஐஸைத் துண்டில் சுற்றிக் கட்டினால் ஆகாதா? (வாசகர், ஓசூர்)

பதில்: ஐஸ் உருக உருகக் குளிர் மாறும், உச்சியில் படாது, பட்ட இடத்தில் தோல் புண்ணாகலாம். கையால் மாற்றும் உறைந்த ஜெல் தொப்பிகள் உண்டு. அவற்றையும் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.