குன்னூர் பென்ஷனில் தாய்லாந்தில் தங்க முடியுமா?
குன்னூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் நீங்கள். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நீண்ட நாள் தங்க எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள் ஐயா.

50 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வுக்கால விசா உண்டு. வங்கியில் 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்), இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அந்த மாத வருமானம் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டும், பென்ஷன் மட்டும் எட்டாது. வைப்புத்தொகைதான் உங்களுக்குச் சரி.

தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நீட்டிப்பதில்தான் கவனம் வேண்டும். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் அந்தப் பணம் விண்ணப்பத்துக்கு முன் 2 மாதம், அனுமதி கிடைத்தபின் 3 மாதம் அப்படியே இருக்கணும்; அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. வேலை பார்க்க அனுமதியில்லை.

தயவுசெய்து வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே காடும் வயலும் எரியும் புகை. குன்னூர்க் காற்றுக்குப் பழகிய நெஞ்சு தாங்காது. அப்போது ஊருக்கு வருவதானால், கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நீட்டிப்பே ரத்தாகிவிடும்.