தவுக்கே சம்பளம் வேறு, ஜிஎல்சி சம்பளம் வேறு

தம்பி, நீங்கள் கேட்டது இது: கோலாலம்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. மதியச் சாப்பாட்டில் ஜிஎல்சி எனப்படும் அரசு சார்ந்த கம்பெனிகளின் தலைவர்கள் வாங்கும் சம்பளத்தைக் கிழிகிழி என்று கிழிக்கிறார்கள். தவுக்கே எனப்படும் சொந்த முதலாளியின் சம்பளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏன்? எங்கள் எம்டி (நிர்வாக இயக்குநர்) வாங்குவதைப் பார்க்க வழி உண்டா? அதைக் காட்டிச் சம்பள உயர்வு கேட்கலாமா?

இங்கே முதல் கேள்வி "யார் காசு?" என்பதுதான். எவ்வளவு என்பது அப்புறம். தவுக்கே தொடங்கிய கம்பெனியில் அவரோ மகனோ பல மில்லியன் எடுத்தால், "அவர் கடை, அவர் எடுக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். ஜிஎல்சி அப்படியல்ல. அதன் பெரிய பங்குதாரர் அரசு முதலீட்டு நிறுவனமான கஸானாவாக இருக்கும், அரசு சார்ந்த நிதி நிறுவனமான பிஎன்பியாக இருக்கும், ஊழியர் சேமநிதியான இபிஎப் ஆகவும் இருக்கும். மாதம் 11 விழுக்காடு இபிஎப்புக்குப் பிடித்தம் கொடுப்பவனுக்கு அது தன் வீட்டுக் கணக்கு. 2018 மே தேர்தல் முடிந்ததும் புதிய அரசு அமைச்சர்கள் சம்பளத்தில் 10 விழுக்காட்டைக் குறைத்தது, ஜிஎல்சி தலைவர்களின் சம்பளத்தையும் வெளிப்படையாகக் குறை சொன்னது. அந்த ஜூலையில் கஸானா இயக்குநர் குழு மொத்தமாகப் பதவி விலக முன்வந்தது. பேச்சு இன்னும் ஓயவில்லை. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் இபிஎப் 2 விழுக்காடு கட்டாயம் என்பதால், இனி நீங்களும் அந்த மேசையில் உட்காரலாம்.

"அவர் கடை" என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியில் தவுக்கே கையில் 35 விழுக்காடு பங்கு இருந்தால், மீதி 65 ஊரார் பங்கு. அதில் இபிஎப்பும் இருக்கலாம்.

இனி பார்க்கும் வழி. பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் ஆண்டறிக்கையும், நிர்வாக முறையைச் சொல்லும் நிறுவன ஆளுமை அறிக்கையும் தனித்தனியாக வரும். டிசம்பரில் கணக்கு முடிக்கும் கம்பெனி என்றால் ஏப்ரலில் தேடுங்கள். ஒவ்வொரு இயக்குநரின் பெயருக்கும் எதிரே கட்டணம், படிகள், சம்பளம், போனஸ், பிற சலுகைகள் என்று அட்டவணை இருக்கும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். "கம்பெனி", துணைக் கம்பெனிகளும் சேர்ந்த "குழுமம்" என்று இரண்டு கணக்கு இருக்கும். குழுமத் தொகைக்குள் கம்பெனித் தொகை அடக்கம். இரண்டையும் கூட்டினால் எம்டி இரண்டு மடங்கு வாங்குவது போலத் தெரியும். தலைப்பில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கணக்கு என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இலவசப் பங்குகளின் மதிப்பு சில சமயம் நிதிக் குறிப்புகளில் ஒளிந்திருக்கும்.

தலைமை அதிகாரி (சிஇஓ) இயக்குநராக இல்லாவிட்டால், முதல் ஐந்து உயர் அதிகாரிகளின் பட்டியலைத் தேடவேண்டும். மலேசிய நிறுவன ஆளுமை நெறிமுறை அதைப் பெயரோடு, 50,000 வெள்ளி அடுக்குகளாக வெளியிடச் சொல்கிறது. ஆனால் அது சட்டமல்ல. பின்பற்றாவிட்டால் காரணம் சொன்னால் போதும். "பாதுகாப்பு", "போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும்" என்று இரண்டு காரணங்கள் அச்சடித்த மாதிரி வரும்.

தவுக்கேயின் நிஜ வருமானம் பெரும்பாலும் டிவிடெண்ட், அதாவது பங்குக்குக் கிடைக்கும் லாபப் பங்கு. அது சம்பள அட்டவணையில் வராது. அவர் பங்கு எண்ணிக்கையை ஒரு பங்குக்கான டிவிடெண்டால் நீங்களே பெருக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கம்பெனி பட்டியலிடாத செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) என்றால், நிறுவனப் பதிவகமான எஸ்எஸ்எம்மில் காசு கட்டிக் கணக்கை வாங்கலாம். அதில் இயக்குநர்களுக்குக் கொடுத்த மொத்தத் தொகைதான் தெரியும். கணக்குத் தாக்கலிலிருந்து விலக்குப் பெற்ற தனியார் கம்பெனி என்றால் அதுவும் கிடைக்காமல் போகலாம்.

இந்தியாவில் பட்டியலிட்ட கம்பெனி, இயக்குநர் சம்பளம் நடுநிலை ஊழியர் (சம்பள வரிசையில் நடுவில் நிற்பவர்) சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று சொல்லியாக வேண்டும். மலேசியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள அமெரிக்கக் கம்பெனிகளின் விகிதம் அமெரிக்காவில் தாக்கல் செய்யும் ஆவணத்தில் இருக்கும், ஆனால் அந்த நடுநிலை ஊழியர் உலகில் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். இங்கே கையால்தான் போடவேண்டும்: 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, ஆண்டுக்கு 20,400. ஐந்து மில்லியன் வாங்கும் ஒருவரின் ஓராண்டு, அந்தத் தொழிலாளிக்கு 245 ஆண்டு. மொத்த ஊழியர் செலவை ஆள் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுக்காதீர்கள். பெரும்பாலும் எம்டி சம்பளமும் முதலாளி கட்டும் இபிஎப்பும் அதற்குள்ளேயே இருக்கும்.

நூறு பங்கு வாங்கினால் ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். 2016 நிறுவனச் சட்டத்தின் 230-ஆம் பிரிவுப்படி இயக்குநர் கட்டணமும் சலுகைகளும் ஓட்டுக்கு வரும். எம்டியின் மாதச் சம்பளமும் போனஸும் வேலை ஒப்பந்தத்தில் அடங்குவதால் வராது. கூட்டத்தில் 80,000 வெள்ளிக் கட்டணத்துக்கு மல்லுக்கட்டிவிட்டு, மில்லியன் சம்பளத்தை அப்படியே விட்டுப் போவதன் காரணம் இதுதான். (அன்பளிப்புக் கூப்பன் உண்டா என்று கேட்பவர்களும் குறைவில்லை.)

சம்பள உயர்வுக்கு இதைக் கையில் எடுக்காதீர்கள். எம்டி வாங்குவதைச் சொன்னால் மனிதவளத்தார் முகம் மூடிக்கொள்ளும். உங்கள் வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்த முதலாளியோடு கட்டப்பட்டது என்பதையும் மறக்கவேண்டாம். ஆண்டறிக்கையில் உங்களுக்கு உதவும் வரி வேறு: லாபம் ஏறிய ஆண்டில் மொத்த ஊழியர் செலவு ஏறியதா, உங்கள் பிரிவின் வருமானம் எவ்வளவு வளர்ந்தது. அதோடு அதே வேலைக்குச் சந்தையில் கொடுக்கும் மூன்று சம்பள விளம்பரங்களை எடுத்துக்கொண்டு, போனஸ் முடிவாவதற்கு இரண்டு மாதம் முன்பே மேலாளரிடம் போங்கள்.