செருப்பில் தொடங்கிய வழக்கு: புதுச்சேரி பிரெஞ்சுக் குடியுரிமை, கேள்வி-பதில்

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் பழைய பதிவில் ‘ரெனோன்சான்’ என்று எழுதியிருக்கிறது. மதம் மாறினவரா?

அப்படித்தான் நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சிந்தியாவில் கல்யாணம், சொத்து, வாரிசு வழக்குகளை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்போம் என்று பிரெஞ்சுக்காரர்கள் 1819-லேயே உறுதி கொடுத்திருந்தார்கள். அந்த வழக்கத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வழி செய்தது 1881 செப்டம்பர் 21 ஆணை. எழுதிக் கொடுத்தவர்தான் ரெனோன்சான், அதாவது துறந்தவர். எந்தச் சாதிக்காரரும், ஆணோ பெண்ணோ, எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் கூடவே வந்துவிடுவார்கள்.

இன்னொன்று, குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு காலம் தள்ளிய ஊரில் இது சின்ன விஷயமா? பழைய ஆவணங்களில் தேடும்போது அந்தப் புதுப் பெயரையும் வைத்துத் தேடுங்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: செருப்பு வழக்கு உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான். பொன்னுத்தம்பி பிள்ளை புதுச்சேரி வழக்கறிஞர். 1873-ல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் என்றால் வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும் என்றார்கள். அவர் மறுத்தார், வாதாடத் தடை விழுந்தது. பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். 1881 ஆணை வந்ததும் துறந்தவர்களில் முதல் ஆளும் இவரே. அப்போது எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் ‘கதவு’ என்று அர்த்தம். வாசலில் நிறுத்தப்பட்டவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்ட பெயராகத்தான் எனக்குப் படுகிறது.

கேள்வி: துறந்த பிறகு வெள்ளைக்காரரோடு சம உரிமை கிடைத்ததா?

காகிதத்தில் கிடைத்தது. நடந்ததோ வேறு. 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தோர், மற்ற இந்தியர். சமம் கேட்டுச் சட்டத்தையே மாற்றிக்கொண்டவர்களைத் தனி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் எதிர்ப்பும் சாதாரணமில்லை. சாதி வழக்கம் குலையக்கூடாது என்று நின்ற சண்முக வேலாயுத முதலியார்தான் பல ஆண்டுகள் தேர்தல்களை ஆட்டிவைத்தார். துறந்தவர்களில் தலித்துகளும் கிறிஸ்தவர்களும் கணிசம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று புரியும். 1899-ல் துறந்தோர் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். பெரும்பாலோர் பழையபடி இந்தியர் பட்டியலுக்கே திரும்பினார்கள்.

துறந்ததாக எழுதிக் கொடுத்த அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருந்தது கடல் தாண்டித்தான். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் போலீஸ், சுங்கம், அரசு அலுவலகம் என்று வேலைக்குப் போன புதுச்சேரிக்காரர்கள் ஐரோப்பியருக்கு உள்ள சம்பளத்தையும் ஓட்டுரிமையையும் கேட்டு வாதாட இதைத்தான் நீட்டினார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுச் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) தாத்தாவுக்கு பிரெஞ்சு பென்ஷன் வந்தது. எங்கள் தாத்தாவுக்கு ஏன் குடியுரிமைகூட இல்லை?

உங்கள் தாத்தா புதுச்சேரியிலேயே பிறந்து அங்கேயே குடியிருந்தவர் என்றால் காரணம் ஒரு கையெழுத்து. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த 1956 ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதவர் தானாக இந்தியர். எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். சைகோனில் பிறந்தவர் என்றால் கதை வேறு, ஒப்பந்தத்தின் இந்த விதி அவரைத் தொடாது.

கேள்வி: இப்போது பேரன் நான் விண்ணப்பிக்கலாமா?

தாத்தா எழுதிக் கொடுக்காதவர் என்றால் அவர் வழியாகக் கேட்க முடியாது. அவர் பிரெஞ்சுக்காரராகவே இருந்திருந்தாலும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் வெளிநாட்டிலேயே இருந்து, நீங்களோ உங்கள் அப்பா அம்மாவோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்ட தடயமும் இல்லையென்றால் வம்சாவளியைக் காட்டி நிரூபிக்க பிரெஞ்சு சட்டம் விடாது. அதனால் ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அப்பாவிடம் பழைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டோ கான்சுலேட் பதிவோ இருக்கிறதா என்று பீரோவில் தேடிப் பாருங்கள்.