தட்டம்மை திரும்ப வருவதில்லை, சளி மட்டும் ஏன்?

கேள்வி: தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிறார்கள். சளி மட்டும் வருடத்துக்கு மூன்று நான்கு முறை வருகிறதே, ஏன்? அப்படியானால் குழந்தைக்கு அம்மை தானாக வந்து போவதே நல்லதா?

பதில்: சின்ன வயதில் தொண்டை வலியோடு படுத்திருந்தபோது தாடைக்குக் கீழே கோலிக்குண்டு போல நெறி கட்டியது. பயந்துபோய் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் அது வீங்கிய நிணநீர்க் கணு என்று புரிந்தது.

தொண்டையில் புகுந்த கிருமியின் துணுக்குகளைச் சில செல்கள் அந்த நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிவரும். அங்கே டி செல், பி செல் என்ற வெள்ளையணுக்கள் ஏராளமாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் தனித்தனி வடிவத்தில் கொக்கி. எதன் கொக்கியில் துணுக்கு மாட்டுகிறதோ, அந்தச் செல் மட்டும் பெருகும். கணு வீங்குவது அதனால்தான்.

என்னை இன்றும் மலைக்க வைப்பது இதுதான்: கிருமியைப் பார்த்தபின் கொக்கி தயாராவதில்லை. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கலைத்து, இதுவரை சந்திக்காத கிருமிக்கும் சேர்த்து உடம்பு முன்பே செய்து வைத்திருக்கிறது. பி செல்களில் இதைக் கண்டறிந்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பொருத்தமான செல் கிடைத்துப் படையாகப் பெருக ஒரு வாரமாவது ஆகும். நாம் காய்ச்சலில் கிடப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். குணமானதும் சில செல்கள் நினைவு செல்களாகத் தங்கிவிடும். எத்தனை காலம்? 1846-ல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அங்கே போன டேனிஷ் மருத்துவர் பேனம், 1781-ல் அந்த நோய் கண்டிருந்த முதியவர்கள் யாருக்கும் அது மறுபடி வரவில்லை என்று பதிவு செய்தார். 65 வருடம்!

சளி விஷயம் வேறு. சளியை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்றான ரைனோவைரஸில் மட்டுமே 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. உங்களுக்கு வருவது பெரும்பாலும் பழைய சளி இல்லை, வேறொன்று.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. தட்டம்மை வைரஸ் நினைவு செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கும். மற்ற நோய்களுக்கு எதிராகக் குழந்தை சேர்த்து வைத்த பாதுகாப்பும் அதோடு குறைந்துபோகும். பல மாதங்கள், சில சமயம் வருடக்கணக்கில் கூட. தடுப்பூசி அந்த அழிவு இல்லாமலே தட்டம்மையை உடம்புக்கு அறிமுகப்படுத்திவிடுகிறது. தயவுசெய்து இரண்டு தவணையும் போட்டுவிடுங்கள்.