கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சியில் பெற்றோர் வீடு: மின்சாரக் காருக்கு எங்கே சார்ஜ் போட்டால் செலவு குறையும்?

நீங்கள் கொடுத்த விவரம் இது: எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது. பொள்ளாச்சியில் அப்பா அம்மா வீட்டில் 180 யூனிட். தினமும் 35 கிலோமீட்டர் ஓட்டம், வாரம் ஒரு முறை பொள்ளாச்சி போய் ஒரு ராத்திரி தங்குவீர்கள். கேரளாவில் யூனிட் விலை அதிகமா, தமிழ்நாட்டில் அதிகமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் கேரளாவில், வேலந்தாவளம் பக்கம் இருப்பவன், மனைவி வீடு தமிழ்நாட்டுப் பக்கம் கிணத்துக்கடவு. இதே கணக்கை ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். யூனிட் சராசரியாக என்ன விலை என்று பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வீட்டில் ஃபேன், மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடி முடிந்த பிறகு அதற்கு மேல்தான் கார் ஏறி உட்காருகிறது. அந்த மேல் யூனிட்டுகள் எந்த ஸ்லாபில் (இத்தனை யூனிட் வரை இந்த விலை என்ற படியில்) விழுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கீழே உள்ளவை 2025-ல் இருந்த வீட்டுக் கட்டணங்கள். சிறிய கார் என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு ஏழரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 140 யூனிட், இரண்டு மாதத்துக்கு 280.

முதலில் நம்ம பக்கம். கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யில் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்தாலும் ஸ்லாப் மாதக் கணக்குதான். முதல் 50 யூனிட் 3.35 ரூபாய், அடுத்தடுத்த ஐம்பதுகளுக்கு 4.25, 5.35, 7.20, 8.50 என்று ஏறும். மாதம் 250 யூனிட் வரை இப்படிப் படிப்படியாகப் போகும். 250-ஐத் தாண்டிவிட்டால் படியே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை, 300 வரை என்றால் 6.75.

இது எவ்வளவு வலிக்கும் என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் என்றால் மின்சார விலை 2,865 ரூபாய். 501 என்றால் 3,381 ரூபாய் 75 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 517 ரூபாய்! இதற்கு மேல் 10 சதவீதம் மின்சார வரி, நிலைக் கட்டணமும் ஸ்லாபைப் பொறுத்து மாறும். கார் வாங்கிய பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பில் 520 யூனிட். கடைசி இருபது யூனிட்டுக்கு மட்டும் 645 ரூபாய் கட்டினேன். முன்பே தெரிந்திருந்தால் அந்த வாரம் இரண்டு ராத்திரி கிணத்துக்கடவில் வண்டியைப் போட்டிருப்பேன்.

உங்கள் 300-உடன் காரின் 280-ஐயும் கொழிஞ்சாம்பாறையிலேயே சேர்த்தால் 580. மின்சார விலை 1,295 ரூபாயிலிருந்து 3,915-க்குப் போகும். கூடுதல் 2,620, வரியோடு 2,882. அதாவது காருக்கு யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். "6.75 தானே" என்று நினைத்திருப்போம்.

அந்தப் பக்கம் தமிழ்நாட்டு மின்வாரியமான ஈ.பி.யில் கணக்கு இரண்டு மாதத்துக்கு. முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணம் இல்லை. ஆனால் 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும், 501-லிருந்து யூனிட் 8.40. அங்கே 500 யூனிட்டுக்கு 1,805, 501-க்கு 2,048 ரூபாய். ஆக, எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரு யூனிட் தாண்டினாலே பில் எகிறும் அந்தப் பள்ளம் ஒரே இடத்தில்தான், இரண்டு மாதத்துக்கு 500. நம்ம பக்கம் அது இரண்டு மடங்கு ஆழம்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? வாரம் ஒரு ராத்திரி பொள்ளாச்சியில் 15 ஆம்ப் பிளக்கில் போட்டாலே இரண்டு மாதத்தில் 120 யூனிட் அங்கே ஏறிவிடும். பெற்றோர் வீட்டு பில் 188-லிருந்து 705 ஆகும். 517 ரூபாய்தான் கூடுதல், யூனிட் 4.30 சொச்சம். மீதி 160 யூனிட் கொழிஞ்சாம்பாறையில் என்றால் அங்கே மொத்தம் 460, பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிறீர்கள். கூடுதல் 1,230, வரியோடு 1,353. இரண்டும் சேர்ந்து 1,870. எல்லாவற்றையும் ஒரே வீட்டில் போட்டால் வரும் 2,882-ஐவிட ஆயிரம் ரூபாய் மிச்சம். அந்த 517-ஐ அப்பா கையில் கொடுத்துவிடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும். முழு 280-ஐயும் அங்கேயே போட்டால் இன்னும் மலிவுதான், ஆனால் சார்ஜ் போடுவதற்கென்றே கோபாலபுரம் தாண்டி ஓட்டுவதில் அர்த்தமில்லை.

எப்படிப் போட்டாலும் பெட்ரோலோடு ஒப்பிட இது சின்னத் தொகை. லிட்டருக்கு 16 கிலோமீட்டர், விலை நூறு ரூபாய் என்றே வைத்தாலும் உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 12,000-க்கு மேல் ஆகும். பயப்பட வேண்டாம்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. கேரளாவில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து நேரத்துக்கு ஏற்ற விலை. காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் அதிகம், அதற்குப் பிறகு வழக்கமான விலை. 6.75 என்பது பகலில் 6.08, மாலையில் 8.44. நீங்கள் 250-க்குள் நின்றால் இது உங்கள் பில்லைத் தொடாது. இருந்தாலும் வேலைவிட்டு வந்ததும் ஏழு மணிக்கு பிளக்கைச் செருகாதீர்கள். 2024 மே 2-ம் தேதி கேரளாவின் உச்சத் தேவை 5,797 மெகாவாட் தொட்டது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ராத்திரி ஃபேன் சுற்றுவதே மெதுவாகிவிட்டது, பக்கத்து வீட்டுப் பாட்டி விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேல் ஸ்டார்ட் ஆகும்படி காரிலேயே டைமர் வைக்கலாம்.

பிளக் பாயின்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய மோட்டார் லைனிலிருந்தே இழுத்துக் கொடுத்தார் எங்கள் எலக்ட்ரீஷியன். மூன்றாவது வாரம் சாக்கெட் உருகி நாற்றம் வந்தது. மீட்டர் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. (சுமை மீறினால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த், இது மூன்றும் கட்டாயம். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் (வால்பாக்ஸ்) என்றால் இணைப்புச் சுமையைக் கூட்ட வேண்டும், மூன்று ஃபேஸும் தேவைப்படும். தினம் 35 கிலோமீட்டருக்கு அது அவசியமே இல்லை. 2024-ல் திருத்திய மத்திய விதிகளின்படி காருக்கென்று தனி இணைப்பும் கேட்கலாம். எந்தக் கட்டண வகையில் போடுவார்கள் என்பதை செக்‌ஷன் ஆபீசில் எழுத்தில் வாங்கிக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

அப்புறம், ரீடிங் எடுக்கும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். நாற்பத்தைந்தாவது நாள் மீட்டரைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையில் 375-ஐத் தாண்டியிருந்தால் மீதி பதினைந்து நாளும் பொள்ளாச்சிக்குப் போகும்போது பேட்டரியை அங்கேயே முழுசாக ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.