சீன வைத்தியரான சின்சேவா, டாக்டரா? வலி பற்றிய கேள்வி பதில்

பினாங்கில் அரசாங்க மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வலியைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுறேன். நாலு மாசமா இடுப்பு வலி. வோல்டாரன் வலி மாத்திரை போட்டா குறையுது, விட்டா திரும்புது. கூட்டாளி அக்குபங்சர் போகச் சொல்றான். கேட்குமா?

கேட்கலாம் தம்பி. ஜெர்மனியில் 1,162 இடுப்பு வலிக்காரர்களை மூன்று பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, சீன முறைப்படி சரியான இடத்தில் ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. சும்மா ஏதோ ஓர் இடத்தில் மேலாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27.4 தான். அதாவது ஊசிக்குப் போனவர்கள் தேறினார்கள், ஆனால் எங்கே குத்தினோம் என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. இதைச் சின்சேவிடம் சொன்னால் முறைப்பார்!

இடுப்பு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னது. முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி அடுத்த வருடமே சொன்னது. பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால் ஐந்தாறு முறை போய்ப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் காசை மிச்சம் பிடியுங்கள். உங்கள் பக்கத்திலேயே கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007இலிருந்து பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். அப்படியே நாலு மாதம் வோல்டாரன் போட்டதைச் சொல்லி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் வராமல் நின்றாலோ, சின்சேவும் வேண்டாம் கிளினிக்கும் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூலிகை மாத்திரையில் ரெண்டே நாளில் எழுந்து நடந்தார். நல்ல மருந்துதானே? இப்போ முகம் கொஞ்சம் உப்பினாப்ல இருக்கு.

அந்த ரெண்டு நாள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வருடக்கணக்கான முட்டி வலியை மூலிகை அவ்வளவு வேகமாக அடக்காது. இப்படிப்பட்ட மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்று நம் மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். வலி பறந்துவிடும், பசியும் நன்றாக எடுக்கும், பிறகு முகம் நிலா மாதிரி உருண்டு, சர்க்கரை ஏறி, எலும்பு தேயும். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று விட்டால் மயங்கி விழலாம். மாத்திரைப் பெட்டியோடு இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இனி வாங்கினால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, பாரம்பரிய மருந்தென்றால் டி என்று முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். எண்ணைப் போலியாக அச்சடிப்பவர்களும் உண்டு, அதனால் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

சர்க்கரை நோய், பாதம் எரியுது. மூலிகைக் குச்சியில் சூடு வைக்கலாமா?

கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சுட்டாலும் தெரியாது. புண்ணாகி ஆறாமல் போகும்.

1971இல் அமெரிக்க நிருபர் ஒருத்தருக்குச் சீனாவில் ஊசி மட்டும் குத்தி ஆபரேஷன் செய்தார்களாமே?

ஜேம்ஸ் ரெஸ்டனைச் சொல்கிறீர்கள். பெக்கிங்கில் அவருக்குக் குடல்வால் எடுத்தபோது சாதாரண மரப்பு மருந்துதான் கொடுத்தார்கள். ஊசி குத்தியது பிறகு, வயிற்று உபாதைக்கு. கதை வளர்ந்துவிட்டது.

அப்பா இதய வால்வுக்காக இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுறார். மூட்டு வலிக்குச் சின்சே கொடுத்த டாங் குவாய் என்ற சீன வேர் சூப்பும் குடிக்கிறார். டாக்டர் திட்டுவார்னு சொல்ல மாட்டேங்கிறார்.

டாங் குவாயும், டான்ஷென் என்ற இன்னொரு சீன வேரும் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தம் மேலும் நீர்த்துப்போகும். சூப்பை நிறுத்திவிட்டு இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை உடனே எடுங்கள். கோடாலித் தைலத்தை முட்டியில் வழித்துத் தேய்க்கிறாரா என்றும் கேளுங்கள். அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே உள்ளே போய் இதே வேலையைச் செய்யும்.

சொல்ல மாட்டேங்கிறார் என்றீர்களே, என் கவுண்டரிலும் அப்படித்தான். "வேறு மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லாரும் இல்லை என்பார்கள். "சூப்பு, வேர், தைலம், ஜாமு மூலிகை மருந்து?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் பை திறக்கும். ஒரு தாத்தா ஏழு பொட்டலம் எடுத்து வைத்தார். "இதெல்லாம் மருந்தா? சாப்பாடுன்னுல்ல நினைச்சேன்" என்றார்.